அரை இஞ்ச் அகலம்

மாதிரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி யூனிட்டிலிருந்து கேட்டார்கள். கட்டிங் மெஷினை எப்படி ஓட்டுவது, துளை போடும் பிட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அவற்றைச் சேவியர் ஒரே வாரத்தில் உங்களுக்குக் காட்டிவிடுவார். நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நாச்சாரத்தில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே இருபத்தாறு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். தப்புகள் நிறைய நடந்தன. இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வருகிறது.

நாம் செய்யும் பொருள் உங்களுக்குத் தெரியும். ரிங் பிளானரின் முதுகில் ஆறு வளையங்கள் இருக்கும். வளையத்தைத் திறந்து தாளைச் சேர்க்கலாம், எடுக்கலாம், இடம் மாற்றலாம். பிளானரை யாரோ எங்கோ செய்கிறார்கள். உள்ளே போடும் ரீஃபில் தாள்தான் நம் வேலை. நான் சேர்ந்த புதிதில் இதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன். ஆர்டரில் 'பர்சனல் சைஸ்' என்று எழுதியிருந்தால் பர்சனல் சைஸ், 'பாக்கெட்' என்று எழுதியிருந்தால் பாக்கெட். பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, வெட்ட வேண்டியதுதானே!

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்னால் அந்த ஆர்டர் வந்தது. படுக்கையிலேயே இருக்கும் நோயாளிகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருத்துவச் சேவை அது. பெயர் வேண்டாம். நர்ஸுகள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளானரை வைத்துவிட்டு வருவார்கள். அதில் நாலு வகைத் தாள்கள் இருக்கும்: நர்ஸ் வந்துபோன குறிப்பு, சாப்பாடும் குளியலும், ரத்த அழுத்தம் போன்ற அளவுகள், மருந்து. அதுவரை அவர்கள் தனித்தனித் தாள்களைப் பாலித்தீன் உறைக்குள் போட்டு வைத்திருந்தார்கள். தாள்கள் முன்பின்னாகக் கலந்து போய், ஒரு வீட்டில் வலி மருந்தை ஒரே வேளைக்கு இரண்டு தடவை கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் ஒன்றரை நாள் கண் திறக்கவில்லை. பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அந்தச் சேவையை நடத்தும் டாக்டரம்மா ரிங் பிளானர் பக்கம் வந்தார்.

ஆர்டரில் 'பர்சனல் சைஸ்' என்று இருந்தது. கூடவே ஒரு மாதிரித் தாளும் வந்தது. நான் என் ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தேன். அகலம் நூற்றெட்டு மில்லிமீட்டர், உயரம் நூற்று எழுபத்தொன்று. ஓட்டைகள் மூன்று மூன்றாக இரண்டு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்தொன்பது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஐம்பத்தொன்று. எழுதிக்கொண்டேன், கையெழுத்துப் போட்டேன். அச்சாகி, வெட்டி, துளையிட்டு, கட்டுக் கட்டாக வந்து நின்றது. மாதிரித் தாளோடு வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை.

திங்கட்கிழமை நர்ஸுகள் அதை வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் காலி பிளானர்கள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. தாள்களை உள்ளே கோத்துக் கொடுப்பதும் நம் பொறுப்பு. பேக்கிங் மேசையில் பெண்கள் நாற்பது பிளானர் கோத்து முடித்தபோது, அதில் ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், டேப் எங்க போச்சு?"

பிளானரோடு பிரிப்பான் அட்டைகள் வரும், தெரியும் அல்லவா? ஓரத்தில் சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று அந்த நாக்கைப் பார்த்துத்தான் திருப்புவோம். நான் பிளானரை வாங்கிப் பார்த்தேன். தாள்கள் வளையத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன. மூடினால் மூடியது, திருப்பினால் திரும்பியது. ஆனால் ஒரு நாக்கும் வெளியே தெரியவில்லை. எங்கள் தாள் அட்டையைவிட அகலமாக இருந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பெட்டியோடு வந்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து அளந்தேன். உயரம் அதே நூற்று எழுபத்தொன்று. ஓட்டைகளும் அதேதான். அகலம் மட்டும் தொண்ணூற்றைந்து.

பதின்மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம்.

நான் அளந்தது சரி. அளந்த பொருள்தான் வேறு. மாதிரியாக வந்த தாள் யாரோ ஒரு நர்ஸ் தன் சொந்த பிளானரிலிருந்து உருவிக் கொடுத்தது. அது ஒரு கம்பெனியின் பிளானர். சேவை வாங்கியது இன்னொரு கம்பெனியின் பிளானர். இரண்டிலும் ஒரே ஆறு ஓட்டை. அதனால்தான் வளையத்தில் ஏறும்வரை யாருக்கும் தெரியவில்லை. ஓட்டை ஒன்றாவது மாறியிருந்தால் முதல் தாளிலேயே கண்டுபிடித்திருப்போம். பிளானரையே அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதலாளி தெலுங்கில்தான் பேசுவார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று கிட்டத்தட்ட முணுமுணுத்தார்.

"பதிமூணு மில்லிமீட்டர்தானே? ஓரத்தில் வெட்டி விடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி வரும்."

சேவியர் அதற்குள் மருந்துத் தாளின் முதல் கட்டை மெஷினில் வைத்துவிட்டார். அவர் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். மூன்று தலைமுறையாக இங்கேதான். அவர் தமிழில் பாதி இந்த ஊருடையது. அமுக்கிப் பலகை தாளின் மேல் இறங்கிவிட்டது. பிளேடு மேலே நிற்கிறது.

"சேவியர், நிறுத்துங்க."

"கைக்கு அக்கா, ஏன் நிறுத்தணும்? சார் சொல்லிட்டாரே."

"அந்த ஓரத்துல என்ன இருக்குன்னு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். மருந்துத் தாளின் கடைசிக் கட்டம், 'அடுத்த வேளை எத்தனை மணி' என்று எழுதும் கட்டம், சரியாக வெளி ஓரத்தில் இருந்தது. பதின்மூன்றை வெட்டினால் அது முழுசாகப் போய்விடும். பின்பக்கத்தில் அதே ஓரத்தில் தேதி எழுதும் கட்டம் இருந்தது. அதுவும் போய்விடும்.

"ஹவ் அக்கா, ஆமா, ரெண்டு பக்கமும் போயிடும்."

"மத்த மூணையும் பாருங்க."

மற்ற மூன்று வகைத் தாளிலும் வெளி ஓரத்தில் வெறும் இடம்தான் இருந்தது. கையால் குறிப்பு எழுத விட்டிருந்தார்கள். அங்கே வெட்டினால் ஒன்றும் போகாது.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அந்த மணியை வேறு எங்காவது பேனாவால் எழுதிக்கொள்ளட்டும் என்றார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தப்பு என்னுடையது. தப்புச் செய்தவள் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்வதுதான் மரியாதை என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசில் அந்த ஒன்றரை நாள் கண் திறக்காத மனிதர் இருந்தார்.

"சார், வெட்டினதைத் திருப்பி ஒட்ட முடியாது. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நேரம் கொடுங்க. இதை உபயோகிக்கிற ஆளை ஒருதடவை பாத்துட்டு வந்துடறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்றரை" என்றார்.

கிளம்புவதற்கு முன்னால் இன்னொன்று செய்தேன். அலுவலகத்தில் யார் யாரிடம் ரிங் பிளானர் இருக்கிறதோ எல்லாவற்றையும் என் மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் ஏழு சேர்ந்தன. ஏழும் ஏழு கம்பெனி. அன்றைக்குத்தான் முதல்முறையாக அவற்றை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேல் ரீஃபில் வெட்டியவள், இதை ஒருநாளும் செய்ததில்லை!

ஜப்பானிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒன்று பர்சனலைப் போலவே இருந்தது. உயரத்தில் மட்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைவு. பாக்கெட் சைஸ் என்று இரண்டு இருந்தன. ஓட்டை ஒன்றேதான். ஆனால் ஒன்றின் தாள் நூற்றிருபது உயரம், இன்னொன்று நூற்றிருபத்தாறு. உயரத் தாளைக் குட்டை பிளானரில் போட்டால் தலை எட்டிப் பார்க்கிறது. ஏ-ஃபைவுக்குப் பக்கத்தில் வைத்த அமெரிக்க பிளானர் அகலத்தில் எட்டு மில்லிமீட்டர் குறைவு, உயரத்தில் ஆறு மில்லிமீட்டர் அதிகம். அதில் ஏழு ஓட்டைகள் இருந்தன. கணக்குப் பிரிவில் இருந்த பெண்ணிடம் ஐந்தே ஓட்டையோடு உள்ளங்கையளவில் ஒன்று இருந்தது. அதற்கு எங்கே தாள் வாங்குகிறாய் என்று கேட்டேன். "நானே வெட்டிக்கறேன் மேடம்" என்றாள். நம் தொழிற்சாலையிலேயே வேலை பார்ப்பவள்!

எங்களுக்கு மாதிரித் தாள் கொடுத்த நர்ஸின் பிளானர் எந்த வகை என்பதும் இந்த ஏழில் ஒன்றைப் பார்த்ததும் புரிந்தது. பர்சனலின் அதே உயரம், அதே ஓட்டை, அகலம் மட்டும் கூடுதல். அந்தக் கம்பெனி அதற்கு வேறு பெயர் வைத்திருந்தது. ஓட்டை ஒத்துப்போனதால் நர்ஸ் தன் தாளைப் பர்சனல் என்றே நினைத்திருக்கிறார்.

அந்த நர்ஸின் எண்ணை டாக்டரம்மாவின் அலுவலகத்தில் வாங்கிப் பேசினேன். அவர் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. வயதில் என் தங்கையைவிடச் சின்னவர், நாசரேத் பக்கம். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்.

"இங்கனயே வந்துருங்கக்கா. ஒரு மணி நேரம் இருப்பேன்."

ஹப்சிகூடாவில் மெட்ரோ ஏறி அமீர்பேட்டில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பையில் எங்கள் தாள் கோத்த பிளானர் ஒன்றும், பெட்டியோடு வந்த வெற்றுத் தாள் ஒன்றும், ஸ்டீல் ஸ்கேலும் இருந்தன.

முதல் மாடியில் சின்ன வீடு. கட்டிலில் ஒரு பெரியவர். சனத்நகரில் லேத் ஓட்டியவர் என்று பிறகு தெரிந்தது. முதுகெலும்பில் நோய். மனைவி யாதம்மா அவர் தலைமாட்டில் நின்றிருந்தார். இருவரும் தெலுங்குக்காரர்கள். நர்ஸ் பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து இடது கையால் அவர் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வலது கையைப் பின்னால் நீட்டி, மேசையில் கிடந்த தன் பழைய பிளானரைத் தொட்டார். முகம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கட்டை விரல் ஓரத்தில் ஓடியது, ஓரிடத்தில் நின்றது, திறந்தது. மருந்துத் தாள்.

அவருடைய வேலை முடியும்வரை காத்திருந்தேன். பிறகு கேட்டேன்.

"பாக்காம எப்படிம்மா அந்தத் தாள எடுத்தீங்க?"

"அதுக்கு என்னத்த பாக்கணும்? கைக்கே வருதுலா."

"நான் ஒருதடவை பாக்கலாமா?"

கொடுத்தார். வாங்கி ஓரமாகத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரே பிளானருக்குள் நாலு கம்பெனித் தாள்கள் இருந்தன. குறுகலான தாள், கொஞ்சம் குட்டையான தாள், நடுவில் அகலமான தாள். ஓட்டை எல்லாவற்றுக்கும் ஒன்று. ஓரங்கள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கின.

"இது எப்படி இப்படி ஆச்சு?"

"ஆச்சு, அவ்வளவுதான். முதல்ல எங்க மாமா வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து தந்தாவ. அந்தத் தாளு தீரப் பாத்துச்சு. இங்க கடையில கேட்டா வேற அளவுதான் கிடைச்சுது. ஓட்டை சேருது, போட்டேன். மொதல்ல பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. அப்புறம் பாத்தா இதுதான் வசதி. மருந்த மட்டும் பெரிய தாள்ல எழுதுதேன். ஒரு கையி எப்பமும் ஆளப் புடிச்சிருக்கும். இன்னொரு கையி தானாப் போயி எடுக்கும்."

"டேப் வச்ச அட்டை வேண்டாமா?"

"அது ஒரு மாசத்துல கிழிஞ்சு போவும்க்கா. அதுல எழுதியிருக்கத வாசிக்கணும் வேற."

நான் கொண்டுபோன பிளானரை அவர் கையில் கொடுத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் பிளானரைக் கேட்காமல் விட்டது, தாள் எல்லாம் அகலமாகிப் போனது, ஆறு மணிக்கு வண்டி வருவது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாமே பெருசா இருக்கதுனால ஒண்ணும் தெரியல. மருந்து மட்டும் பெருசா இருந்தா...?"

அதேதான் எனக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். அகலத் தாள் பிளானரின் அட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டால் மடங்கிக் கிழிந்துபோகும். ஸ்கேலை எடுத்து அளந்தேன். மூடிய அட்டையின் விளிம்புக்கு உள்ளே மூன்று மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. கொஞ்சம்தான். ஆனாலும் உள்ளேதான் இருந்தது.

கட்டிலில் இருந்த பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மெதுவாகக் கையை நீட்டினார். பெட்டியோடு வந்த குறுகல் தாளையும் எங்கள் தாளையும் ஓட்டைக்கு ஓட்டை சேர்த்து அவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அகலத் தாள் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். வித்தியாசத்தைத் தடவிப் பார்த்தார்.

"அர இஞ்சு" என்றார் தெலுங்கில். அரை இஞ்ச்.

"பதிமூணு மில்லிமீட்டர்" என்றேன் நான்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். மூச்சு விட்டுவிட்டுப் பேசினார். "பன்னிரண்டு புள்ளி ஏழு. அரை இஞ்ச். உங்கள் ஸ்கேலைத் திருப்பிப் பாருங்கள்."

ஸ்கேலின் ஒரு பக்கம் மில்லிமீட்டர், மறுபக்கம் இஞ்ச். இத்தனை வருடத்தில் அந்த மறுபக்கத்தைத் தாளுக்கு நான் பயன்படுத்தியதே இல்லை. திருப்பி வைத்தேன். குறுகல் தாள் மூன்றே முக்கால் இஞ்ச். அகலத் தாள் நாலே கால். ஓட்டைகளுக்கு நடுவே முக்கால் இஞ்ச். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே சரியாக இரண்டு இஞ்ச். உயரம் ஆறே முக்கால். பத்தொன்பது, ஐம்பத்தொன்று, தொண்ணூற்றைந்து என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கோணல் மாணலான எண்கள் எல்லாம் ஒரே நிமிஷத்தில் கால், அரை, முக்கால் என்று வரிசையில் வந்து நின்றன. யாரோ எப்போதோ இஞ்சில் போட்ட அளவு. பிறகு வந்தவர்கள் அதை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டார்கள். ஜப்பான்காரர்களின் அந்த ஒரு மில்லிமீட்டர் குறைவும் ஒருவேளை அப்படி மாற்றி எழுதியதில் விழுந்ததாக இருக்கலாம். அதற்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பெரியவரின் முகத்தில் நான் வந்ததிலிருந்து பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. வேலை செய்த கை அல்லவா!

மாடிப்படியில் நின்றே முதலாளிக்குப் போன் செய்தேன். மூன்று வகைத் தாளை மட்டும் வெட்டலாம், மருந்துத் தாளைத் தொட வேண்டாம் என்றேன்.

"ஒரு தாள் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றால் வெட்டும்போது தப்பு நடந்ததுபோல் இருக்காதா?" என்றார்.

"தப்பு நடந்திருக்கே சார்."

"டாக்டரம்மாவிடம் நீங்களே பேசுங்கள்" என்று வைத்துவிட்டார்.

இதைக் கவனமாகப் படியுங்கள். டாக்டரம்மாவிடம் நான் முதலில் சொன்னது மருந்துத் தாள் அகலமாக இருப்பதன் வசதியைத்தான். அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "பிரமாதம், இதை நீங்களே யோசித்துச் செய்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும், அன்றோடு விஷயம் முடிந்தது. பாராட்டும் கிடைக்கும். முதலாளியும் சந்தோஷப்படுவார். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

இல்லை என்றேன். அளவு மாறிப்போனது என் தப்பு. வழியைக் காட்டியது உங்கள் நர்ஸ். வேண்டாம் என்றால் மருந்துத் தாளைப் புதிதாக அச்சடித்துத் தருகிறோம், ஆனால் திங்கட்கிழமைக்கு வராது என்று சொன்னேன். அவர் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். தாள் கிழியுமா? மடங்குமா? இதனால் எழுத்து எதுவும் மறையுமா? தப்பு என்று நான் சொன்னதனால்தான் அந்தக் கேள்விகள் வந்தன. வடிவமைப்பு என்று சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். கிழியுமா என்பதற்குத் தெரியாது என்றேன். அப்படியானால் ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு வீட்டுப் பிளானரையும் பார்த்துச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

மூன்றரைக்கு ஐந்து நிமிஷம் முன்னால் உள்ளே நுழைந்தேன். சேவியர் அடுத்த வேலை எதையும் ஏற்றாமல் காத்திருந்தார்.

"மருந்து நக்கோ, மத்தது மட்டும். அப்படித்தானே அக்கா?"

"முதல்ல அஞ்சே தாள் வெட்டுங்க. பிளானர்ல போட்டுப் பாக்கலாம்."

ஐந்து தாள் வெட்டினார். கோத்து மூடினேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓடவிட்டேன். விரல் ஓரிடத்தில் தட்டி நின்றது. திறந்தேன். மருந்து. சேவியரும் செய்து பார்த்தார். பேக்கிங் மேசைப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கண்ணை மூடித் திறந்து பார்த்தார்கள். முதலாளி கடைசியாக வந்தார். இரண்டு தடவை செய்து பார்த்தார். வண்டிக்காரனுக்குப் போன் செய்யப் போய்விட்டார். ஆறு மணி வண்டி ஏழுக்குக் கிளம்பியது.

ஒரு மாதம் கழித்து வீடு வீடாகப் போனேன். டாக்டரம்மாவின் பயம் பாதி சரிதான். அகலத் தாளின் கூர் முனைகள் பல வீடுகளில் நாய்க்காது மாதிரி மடங்கியிருந்தன. அடுத்த முறை அந்தத் தாளுக்கு மட்டும் முனையை வட்டமாக வெட்டிக் கொடுத்தோம். ஏன் ஒரு தாளுக்கு மட்டும் வட்ட முனை என்று நீங்கள் மாதிரி அலமாரியில் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். காரணம் இதுதான். அதோடு, எந்த ஆர்டர் வந்தாலும் தாள் மாதிரியோடு பிளானரையும் வாங்கி வைக்காமல் அளவெடுக்கக் கூடாது என்று அப்போது எழுதி ஒட்டியதும் நான்தான். அந்த ஏழு பிளானர்களில் மூன்றைச் சொந்தக்காரர்கள் திருப்பிக் கேட்கவில்லை. அவை இன்னும் மாதிரிப் பிரிவில் இருக்கின்றன. ஒன்றின் தாளை இன்னொன்றில் போட்டுப் பாருங்கள். எங்கே எட்டிப் பார்க்கிறது, எங்கே ஒளிந்துகொள்கிறது என்று நீங்களே பார்த்தால்தான் விரலில் நிற்கும்.

மழைக் காலத்தில் ஒருநாள் இரவு அந்த நர்ஸ் போன் செய்தார். அவர் குரலே சரியில்லை. நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார்.

அன்று காலையிலிருந்து மழை. தெருவில் தண்ணீர் ஏறி, நர்ஸ் பாதி வழியில் மாட்டிக்கொண்டார். லேத் ஓட்டிய அந்தப் பெரியவருக்கு இரண்டு மணி வாக்கில் வலி தாங்கவில்லை. வீட்டில் யாதம்மா மட்டும்தான். காலையில் மருந்து கொடுத்தவன் மகன். கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான், போனை எடுக்கவில்லை. எத்தனை மணிக்குக் கொடுத்தான் என்று யாதம்மாவுக்குத் தெரியாது. அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. போனில் நம்பர் அழுத்தும் அளவுக்கு எண்கள் மட்டும் தெரியும். அழுதுகொண்டே நர்ஸுக்குப் போன் செய்திருக்கிறார். கையில் மருந்துப் பாட்டில்.

நர்ஸ் தெலுங்கில் சொல்லியிருக்கிறார். "பாட்டிலைக் கீழே வையுங்கள். புத்தகத்தை எடுங்கள். ஓரத்தைத் தடவுங்கள். எல்லாத் தாளையும் தாண்டி வெளியே வந்து நிற்கிற தாள் கைக்கு வருகிறதா?"

"வருகிறது."

"திறந்து, கடைசியாக எழுதின வரியில், அந்த ஓரத்திலேயே இருக்கிற எண்ணைச் சொல்லுங்கள்."

யாதம்மா கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு "நாலு" என்றார்.

மணி அப்போது இரண்டேகால். நாலு மணி வரை கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். முதுகுக்குத் தலையணை வைக்கவும், கால் மாற்றிப் போடவும் போனிலேயே சொல்லிக் கொடுத்தார். பெரியவர் அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தையும் வலியோடுதான் கடந்தார். தாள் எப்படி இருந்தாலும் அந்த வலியைக் குறைத்திருக்க முடியாது. நாலு மணிக்கு யாதம்மா மருந்து கொடுத்தார். ஐந்தரைக்கு நர்ஸ் முழங்கால் நனைந்து போய்ச் சேர்ந்தபோது பெரியவர் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் நர்ஸ் என்னைப் பார்க்க நாச்சாரத்துக்கே வந்தார். அந்த மருந்துத் தாள் அவரிடம் இருந்தது. நிரம்பிப் போனதால் எடுத்துவிட்டுப் புதியது போட்டிருந்தார். மேசையில் வைத்து விரலால் ஒரு வரியைக் காட்டினார். மகன் எழுதிய வரிக்கு அடுத்த வரி அது. தேதி இல்லை, மருந்தின் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. 'கொடுத்தாயிற்று' என்ற கட்டத்தில் மட்டும், வாழ்நாளில் பேனா பிடித்தறியாத ஒரு கை போட்ட டிக் மார்க், தாள் கிழிந்துவிடும்போல அழுத்தமாக, இரண்டு கட்டம் தாண்டி இழுத்துப் போட்டிருந்தது.